மாசானத்தின் பாட்டும் ஓநாயின் படையும்

வட்டக்குளத்துக்கு வடக்கே ஓநாய்களின் குகைமேடு இருந்தது. தெற்கே சேற்றுப் பள்ளத்தில் காட்டுப்பன்றிகள் குடியிருந்தன. இரண்டுக்கும் நடுவே, வெயிலில் வெந்தபடி முயல்கள் மண் தோண்டிக்கொண்டிருந்தன.

அந்த முயல்கள் தங்களுக்காகத் தோண்டவில்லை. ஓநாய்களுக்குப் படுக்கக் குகை தோண்டின. ஒவ்வொரு முயலின் கழுத்திலும் ஒரு காட்டுக்கொடி. கொடிகளெல்லாம் போய் ஒரு வேப்பமரத்து வேரில் ஒரே முடிச்சாக முடியும். கொடியைக் கடித்து அறுத்துவிடக் கூடாதென்று, பிடித்த முதல் நாளே ஓநாய்கள் முயலின் முன்பல்லை உடைத்துவிடும். தோண்ட முடியாமல் விழுந்த முயலை அன்றைக்கே தின்றுவிடும்.

"முயலுக்குத் தோண்டுவதென்றால் உயிர். அவிழ்த்துவிட்டால் ஏங்கியே செத்துப்போகும்" என்று ஓநாய்கள் சொல்லும். கேட்டுக் கேட்டுப் பன்றிகளுக்கும் அது பழகிப்போயிருந்தது. பன்றிகளை ஓநாய்கள் தொடுவதில்லை. பன்றிக்குக் கோரைப்பல் இருக்கிறதே.

அந்தப் பன்றிகளில் ஒருவன் மாசானம். கறுத்து, தடித்து, பிடரி மயிர் சிலிர்த்து நிற்பான். நண்பகலில் கழுத்துவரை சேற்றில் அமிழ்ந்துகொண்டு பாட்டுக் கட்டுவான். எல்லாம் சேற்றுப் பள்ளத்துப் பேச்சில்தான். வேறு பேச்சு அவனுக்குத் தெரியாது.

ஓநாய்த் தலைவன் வீரபாகுவின் அவையில் நாவேந்தன் என்றொரு நரி இருந்தது. செய்யுள் பாடுவதும் தலைவனின் ஆணைகளை அறிவிப்பதும் அதன் வேலை. மாசானத்தின் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு அது முகத்தைச் சுளித்தது. பன்றிப் பேச்சில் பாட்டு வராது, வருவது உறுமல்தான் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டுப் போனது. அந்தச் சொல் மாசானத்தின் நெஞ்சில் தைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

ஒரு பங்குனி மாதம், காட்டை ஒட்டி ஓடும் ஆறு வற்றிக் கல்லும் மணலுமாகக் கிடந்தது. நரி குளக்கரைப் பாறைமேல் ஏறி நின்று பன்றிகளை எல்லாம் கூப்பிட்டது. அக்கரையில் செம்மண் மேடு என்றொரு மேடு இருக்கிறதாம். அங்கே முயல்கள் கட்டும் காவலும் இல்லாமல் திரிந்து சீரழிகின்றனவாம். முள்ளம்பன்றிகள் கூட இருந்து அவற்றைக் கெடுக்கின்றனவாம். அந்தப் பாவப்பட்ட முயல்களை மீட்டு ஆதரிப்பதற்காகத் தலைவர் வீரபாகு போர் தொடுக்கப்போகிறார். படையில் சேரும் ஒவ்வொரு பன்றிக்கும் 'வெண்பல் வீரர்' என்ற பட்டம் உண்டு. செம்மண் மேட்டில் ஒரு கிழங்குக் கொல்லையும் உண்டு.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தோண்டித் தோண்டி இங்கே முயல்கள் சாகின்றன. புது முயல் வேண்டும். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. கிழங்குக் கொல்லை என்றதும் சில பன்றிகளுக்கு எச்சில் ஊறிவிட்டது.

அப்போது சேற்றுக்குள்ளிருந்து மாசானம் பாடினான்.

"அக்கரைல முயலெல்லாம் அவுந்து கெடக்காம்லே,
அதுக கழுத்துல கவுறு மாட்டி ஆதரிக்கப் போறாகளாம்.
செக்கச் செவேர்னு மண்ணிருக்காம், சேனை கட்டிப் போகணுமாம்,
சேத்துல கெடக்க பன்னிக்குத்தான் திடீர்னு மானம் வந்திட்டாம்."

ஒரு கிழட்டுப் பன்றி குபுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்து இன்னொன்று சிரித்தது. அப்புறம் பள்ளமே குலுங்கியது. நரி பாறையிலிருந்து இறங்கி, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது.

மறுநாள் மாசானம் இன்னொன்று கட்டினான்.

"தோண்டுத முயலு தோண்டிக்கிட்டே சாவுது,
தூங்குத ஓநாயி தூங்கித் தூங்கிக் கொழுக்குது.
தாண்டுத ஆத்துல தல உருளப் போவுது,
தலைவரு தலையா? இல்லவே, ஒம்ம தல."

மைனாக்கள் அதைத் தூக்கிக்கொண்டு காடெங்கும் பறந்தன. உப்பு நக்கப் போன மான்கள் முணுமுணுத்தன. குரங்குகள் கிளையைத் தட்டித் தாளம் போட்டன. படைக்கு ஆள் எடுத்த முதல் நாளில் அறுபது பன்றிகளில் நாலே நாலுதான் போயின. மாசானம் நடந்தால் வழியில் நிற்கிறவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். உறுமல் என்று சொன்னார்களே, அதே உறுமல்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு நண்பகல், ஓநாய்கள் முயல்களைத் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு ஓட்டி வந்தன. கழுத்துக் கொடிகளின் மறுமுனை மட்டும் வேப்பமரத்து வேரிலேயே முடிந்து கிடந்தது. காவல் ஓநாய் மருதமர நிழலில் கண் அயர்ந்தது. ஆவுடை என்ற பெண் முயல் சேற்றோரமாக நகர்ந்து நகர்ந்து மாசானத்தின் பக்கத்தில் வந்தாள். காது நரைத்தவள். அந்த வேரில் அவளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தவர் யாருமில்லை.

"அண்ணாச்சி, ஒம்ம பாட்டு எங்ககிட்ட வரைக்கும் வந்திட்டு" என்றாள்.

மாசானத்துக்குச் சந்தோஷம். நல்லா இருந்ததா என்று கேட்டான்.

"சிரிச்சோம். சிரிச்சதுக்கு ரெண்டு பேரக் கடிச்சுப் போட்டாக. அதுக்காகக் கொறை சொல்ல வரல. நாங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பாட்டுக்குப் பொறவு என்ன அண்ணாச்சி?"

மாசானத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. அவள் விளக்கினாள். அந்த வேரில் பத்தொன்பது முயல்கள். பத்தொன்பதுக்கும் ஒரே முடிச்சு.

"ஒம்ம பல்லு ஒரு இழுப்பு இழுத்தா அறுந்துரும். ஆத்துல தண்ணி கெடையாது. கல்லுக்குக் கல்லு தாவி அக்கரை போயிருவோம். இன்னைக்கு எங்க காலு நல்லாருக்கு. நாளைக்கு எப்பிடியோ."

மாசானம் யோசித்தான். முடிச்சை அறுத்தால் ஓநாய்கள் சும்மா இருக்காது. பன்றிப் பள்ளத்தில் ரத்தம் ஓடும். பாட்டோ நல்லபடியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைச் சொன்னான்.

"பொறு தாயி. அறுவதுல நாலு பேருதான் போயிருக்கான். இன்னும் பத்து நாளு பாடுனா அவனும் திரும்பிருவான். படையில்லாத ஓநாயி என்ன செய்யும்? ரத்தமில்லாம எல்லாம் தன்னால அவுந்துரும்."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். ஆனால் இன்னொன்றும் உண்டு. அவள் வந்த நேரத்தில் அவன் மூன்றாவது பாட்டுக்கு ஒரு எதுகை தேடிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோக மனம் வரவில்லை.

"சரி அண்ணாச்சி. ஒமக்குத் தோணுதப்ப வாரும்" என்று சொல்லிவிட்டு ஆவுடை தண்ணீர் குடிக்கப் போனாள்.

குகைமேட்டில் நடந்தது மாசானத்துக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. பாட்டைக் கேட்ட வீரபாகு, அந்தப் பன்றியைக் கிழித்துப் போடுகிறேன் என்று பாய்ந்து எழுந்ததாம். நரிதான் தடுத்ததாம். "அவனைக் கொன்றால் பாட்டு மிஞ்சும், தலைவரே. பாட்டை நாம் எடுத்துக்கொண்டால் வெறும் பன்றிதான் மிஞ்சும்" என்றதாம்.

மறுநாளே நரி சேற்றுப் பள்ளத்துக்கு வந்தது. காலில் சேறு படுவதைப் பொருட்படுத்தாமல் உள்ளே இறங்கியது. முன்பு உறுமல் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டது.

"கவிராயரே, இதுவன்றோ மண்ணின் மொழி! எங்கள் செய்யுளெல்லாம் காய்ந்த சருகு. தாங்கள் அவைக்கு வந்து தலைவர் முன்னிலையில் இதே பாட்டைப் பாட வேண்டும். ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்" என்றது.

மாசானம் இரவெல்லாம் புரண்டான். ஓநாயின் முகத்துக்கு நேராக இதைப் பாடுவதைவிடப் பெரிய காரியம் என்ன இருக்கிறது? செத்தாலும் பாடிவிட்டுச் சாவோம் என்று முடிவு செய்தான். தம்பி சடையாண்டியையும் கூட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டான். சடையாண்டிக்கு அண்ணன் என்றால் அப்படி ஒரு பெருமை.

குகைமேட்டில் பன்றிகள், மான்கள், குரங்குகள் எல்லாம் கூடியிருந்தன. மாசானம் நடுவில் போய் நின்று இரண்டு பாட்டையும் பாடினான். 'இல்லவே, ஒம்ம தல' என்று முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, பாய்ச்சலுக்குக் காத்து நின்றான்.

பாய்ச்சல் வரவில்லை. வீரபாகு சிரித்தது. தரையில் விழுந்து புரண்டு சிரித்தது. பிறகு எழுந்து, பன்றிப் பேச்சிலேயே பேசியது.

"பாத்தீகளாவே, எம் மொகத்துக்கு நேர எம்புட்டுத் தைரியமாப் பாடுதான்! நம்ம காட்டுல இதுக்கு எடமிருக்கு. அக்கரைல இருக்கா? இந்தச் சொதந்திரத்தக் காப்பாத்தத்தானவே நான் சண்டைக்குப் போறேன்."

பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தலைவர் நம்ம பேச்சைப் பேசுகிறார். பாட்டன் காலத்திலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. ஒரு கிழட்டுப் பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. முதன்முதலில் குபுக்கென்று சிரித்ததே, அதே பன்றிதான்.

மாசானத்தின் கழுத்தில் கொன்றைப்பூ மாலை விழுந்தது. அதற்குள் நரி பாறைமேல் ஏறி அதே பாட்டுகளை அதே மெட்டில் எடுத்துவிட்டது. அங்கங்கே சில சொற்கள் மட்டும் மாறியிருந்தன. 'திடீர்னு மானம் வந்திட்டாம்' என்ற இடத்தில் 'சிங்கம்போல மானம்லே' என்று வந்தது. தூங்கிக் கொழுக்கிற ஓநாய், நரியின் பாட்டில் காவல் காத்து இளைத்தது. கடைசி வரி இப்படி ஆகியிருந்தது: 'தலைவரு தலையா? இல்லவே, எதிரி தல.'

பன்றிகள் காலால் தரையை உதைத்தன. மேடு அதிர்ந்தது. அது என் பாட்டில்லை என்று மாசானம் கத்தினான். அந்தச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சடையாண்டிதான் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே, ரெண்டு மூணு வார்த்ததான மாறியிருக்கு. மெட்டு ஒன்னோடதுதான."

மறுநாள் காலை நாற்பத்தொரு பன்றிகள் ஆற்றங்கரையில் வரிசை கட்டி நின்றன. அதில் சடையாண்டியும் ஒருவன். மாசானம் ஓடிப்போய் அவனை மறித்தான்.

"எலே, அந்தப் பாட்டு ஒந் தலையத்தாம்லே சொல்லுது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. நீ பாடுதப்ப சிரிப்பு வந்திச்சு. அவுக பாடுதப்ப காலு தானா நடக்கு. நான் என்ன செய்ய?"

வரிசை நகர்ந்தது. பாட்டோடுதான் நகர்ந்தது. கல்லும் மணலும் கடந்து அக்கரை ஏறி மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் நாள் முழுக்கக் காற்றில் அந்தப் பாட்டு மிதந்து வந்தது. இரண்டாம் நாள் விட்டு விட்டு வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

எட்டாம் நாள் பன்னிரண்டு பன்றிகள் திரும்பின. உடம்பெல்லாம் முள். சடையாண்டி அதில் இல்லை. முள்ளம்பன்றிகள் முயல் வளைகளை மறைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றனவாம். ஓநாய்கள் பின்னால் நின்று, பன்றிகளைத்தான் முதலில் பாயச் சொன்னனவாம். சடையாண்டிக்குத் தொண்டையில் முள் பாய்ந்துவிட்டது. ஆற்று மணலில் இரண்டு நாள் கிடந்திருக்கிறான். தண்ணீர் கேட்கக்கூட முடியாமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடினானாம். தூக்கி வர யாருக்கும் தெம்பில்லை.

பன்றிகளுக்குப் பின்னால் ஓநாய்கள் வந்தன. அவற்றின் நடுவே, கழுத்தில் கொடியோடு எழுபது முயல்கள். எல்லாவற்றுக்கும் வாயில் ரத்தம்.

கிழங்குக் கொல்லை என்ன ஆயிற்று என்று பிழைத்து வந்த பன்றிகள் கேட்டன. செம்மண் மேட்டில் இப்போது ஓநாய்க் குகைகள் தோண்டப்படுகின்றன, கிழங்குக்கு இடமில்லை என்று நரி சொன்னது. ஆனால் பட்டம் உண்டு. பட்டத்தோடு ஒரு வேலையும் உண்டு. முயல்களுக்குக் காவல் இருக்க வேண்டும். பன்னிரண்டு பன்றிகளும் ஒப்புக்கொண்டன. அத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டு வெறுமனே பள்ளத்துக்குத் திரும்ப அவற்றால் முடியவில்லை.

மாசானம் இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வேப்பமரத்துக்குப் போனான். அங்கே காவலுக்கு நின்றவன் ஊய்க்காட்டான். மாசானத்தோடு ஒரே பள்ளத்தில் வளர்ந்தவன். போரில் ஒரு கண் போயிருந்தது. ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மாசானம் சொன்னதும், அவன் விலகி நின்றான்.

ஆவுடை படுத்தபடியே முன்னங்கால்களால் மண் தோண்டிக்கொண்டிருந்தாள். பின்னங்கால் இரண்டும் துணிபோல் கிடந்தன. படை போன மறுநாள், தன் கொடியை இரவெல்லாம் இழுத்து இழுத்து வேரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவளாகவே ஓடப் பார்த்திருக்கிறாள். குளத்துக்கரை வரை போய்விட்டாளாம். அங்கே ஓநாய்கள் பிடித்துக் காலை முறித்துவிட்டன. அன்றிலிருந்து பொது முடிச்சும் கிடையாது. ஒவ்வொரு முயலுக்கும் தனித்தனி முடிச்சு, இரட்டைக் கொடி.

மாசானம் குனிந்து, கோரைப்பல்லை அவள் கழுத்துக் கொடிக்குள் நுழைத்தான்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபமில்லை. "அறுத்தாலும் நான் எங்க போவேன்? அன்னைக்கின்னா ஓடியிருப்பேன். பக்கத்துல கெடக்காளே, செம்மண் மேட்டுக்காரி. அவளுக்குக் காலு இருக்கு. அவளுக்கு அறுத்துவிடும்."

பக்கத்தில் ஒரு இளம் முயல் வாயை மண்ணில் புதைத்துக் கிடந்தது. மாசானம் அதன் கொடியை அறுத்தான். இரட்டைக் கொடி. இழுத்து இழுத்து, ஈறு கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் அறுந்தது. முயல் எழுந்து நின்றது. ஓடவில்லை.

"எங்க போகச் சொல்லுதீரு?" என்று கேட்டது. "எங்க மேட்டுலயும் அவுகதான இருக்காக."

மாசானம் ஆவுடையைப் பார்த்தான்.

"எங்கயாவது ஓடு பிள்ள" என்றாள் ஆவுடை.

அது மேற்கே பார்த்து ஓடியது. மேற்கே என்ன இருக்கிறதென்று அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. அந்த முயல் என்ன ஆனதென்றும் இன்றுவரை தெரியாது.

மாசானம் அடுத்த கொடிக்குக் குனிந்தபோது ஊய்க்காட்டான் வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஒண்ணு போனா எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிருவேன். ரெண்டாவது போனா எங் கழுத்துல மாட்டுவான். போயிரும் அண்ணாச்சி."

மாசானம் போகவில்லை. பல்லை அடுத்த கொடியில் மாட்டினான். ஊய்க்காட்டான் தலையைத் தூக்கி ஊளையிட்டு ஓநாய்களைக் கூப்பிட்டான். காவல் பன்றிகளுக்கு ஓநாய்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த ஊளையைத்தான்.

வீரபாகு மாசானத்தைக் கொல்லவில்லை. கோரைப்பல் இரண்டையும் உடைத்து, கழுத்தில் மூன்று கொடி போட்டு, முயல்கள் தோண்டிப் போடும் மண்ணை இழுக்க வைத்தது. ஆவுடை அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்தான் தோண்டினாள். பதின்மூன்றாம் நாள் அவள் இடத்தில் வேறொரு முயல் இருந்தது.

அடுத்த பங்குனியில் நரி மாசானத்தைத் தேடி வந்தது. கிழக்கே இன்னொரு மேடு இருக்கிறதாம், அதற்கொரு புதுப்பாட்டு வேண்டுமாம். பாடினால் ஒரு கொடியை அவிழ்த்துவிடலாம் என்றது. மாசானம் அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண்ணை இழுத்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்ல அண்ணாச்சி" என்றது நரி, அச்சு அசலாகச் சேற்றுப் பள்ளத்துப் பேச்சில். "இப்பம் எனக்கே நல்லா வருது."

அன்றைக்குச் சாயங்காலமே நரியின் பாட்டு பள்ளத்தில் கேட்டது. போன வருஷம் குட்டிகளாக இருந்த பன்றிகள் அதைப் பாடிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தன. அவற்றைக் கூப்பிட்டு நிறுத்த மாசானம் வாயைத் திறந்தான். மூன்று கொடியும் தொண்டையை இறுக்க, பல்லுடைந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அநியாயத்தைப் பாடி ஊரைச் சிரிக்க வைத்தவன், தன்னால் தடுக்க முடிந்த வேளையில் அதைத் தடுக்க எழவில்லையென்றால், அந்தப் பாட்டையும் அநியாயமே எடுத்துப் பாடிக்கொள்ளும்.